கிறீன்லாந்துப் பனியும் நெடுந்தீவுச் சோளகமும்

உப்சாலா, சுவீடன்
9 பெப்ரவரி 2025

அன்பின் பவா,

தொலைபேசி எடுக்க வேண்டாம், ஏதாவது சொல்ல இருந்தால் கடதாசியில் எழுதித் தபாலில் போடுங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தீர். அந்த ஒரு வரியைக் கன நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்றைக்குத்தான் பேனை வாங்கினேன். உண்மையாகவே கடைக்குப் போய் வாங்கினேன். இந்த வீட்டில் ஒரு பேனைகூட இருக்கவில்லை.

நீர் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியை விட்டு நெடுந்தீவுக்கு மாற்றம் எடுத்துப் போனதை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். "உனக்குத் தெரியாதோ தம்பி?" என்று கேட்டா. தெரியும் என்று பொய் சொன்னேன். கலியாணம் முடித்து இரண்டு வருடம். போன புரட்டாதியில் நான் அங்கே வந்து நின்றபோதும், இந்த வருடம் நீர் இங்கே வந்துவிடுவீர் என்றுதானே பேசினோம். விசாவுக்கு வேண்டிய பத்திரங்களை எல்லாம் நான் ஒழுங்குபடுத்தி வைத்திருக்க, மற்ற டொக்டர்மார் போக மறுக்கிற தீவுக்கு நீராகக் கேட்டுப் போயிருக்கிறீர். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

கோபத்தில் எழுதவில்லை. இந்த வரியை எழுதிவிட்டு மேலே வாசித்துப் பார்த்தேன். கோபத்தில்தான் எழுதுகிறேன்.

மார்கழியில் பிள்ளை இல்லாமல் போனபோது நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், வெளியே போனால் திரும்பி உள்ளே வர ஏலாது என்று உமக்கும் தெரியும். அன்றைக்கு நீரே அதைச் சொன்னீர். தெரிந்தும் என்னோடு கதைக்காமல் இருக்கிறீர் என்றால் வேறு என்னவோ இருக்கிறது. அது என்னவென்று எழுதும்.

தேனுஜன்


நெடுந்தீவு
2 மார்ச் 2025

அன்பின் தேனு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமைப் படகில் வந்தது. உறையை உடைத்தபோதுதான், கலியாணப் பதிவில் போட்ட கையொப்பத்தைத் தவிர உங்கள் கையெழுத்தை நான் கண்டதே இல்லை என்பது தெரிந்தது. டொக்டர்மாரின் எழுத்தைவிட மோசம். ஒரு வரியை நான் இன்னும் வாசித்து முடிக்கவில்லை.

வேறு என்னவோ என்று கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

நீங்கள் வராமல் விட்டதல்ல. பிள்ளை போன அன்று வார்டில் படுத்திருந்துகொண்டு உங்களுக்கு எடுத்தேன். நான் சொல்லி முடித்ததும் நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, முதல் மூன்று மாதத்தில் நூற்றுக்கு இத்தனை கர்ப்பம் இப்படித்தான் போகிறது, இதில் உம்முடைய பிழை ஒன்றுமில்லை என்றீர்கள். தேனு, அந்த எண் எனக்குத் தெரியாதா? கிளினிக்கில் அழுதுகொண்டு வருகிற பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தவளே நான்தான். கேட்கிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் நீங்கள் சொன்னது என்னுடையதைவிடச் சரியான எண். தசமப் புள்ளிக்குப் பிறகும் ஒரு இலக்கம் சொன்னீர்கள். நான் அழுதுகொண்டிருக்க நீங்கள் கணினியில் தேடியிருக்கிறீர்கள். விசை தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அதுக்குப் பிறகு உங்கள் குரல் கேட்டாலே அந்தச் சத்தமும் சேர்ந்து கேட்டது. அதனால்தான் கடதாசி.

நெடுந்தீவுக்கு ஏன் வந்தேன் என்றால், மாமியால். உங்கள் அம்மாவைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் முட்டைக் கோப்பி அடித்துத் தந்து, பக்கத்தில் இருந்து, "அடுத்த முறை பாப்பம் பிள்ளை" என்பா. அந்த வீட்டில் எனக்கு அடுத்த முறை மட்டும்தான் இருந்தது. நடந்துபோனதை வைக்க அங்கே ஒரு மூலை இருக்கவில்லை. நெடுந்தீவுக்கு ஆள் தேவை என்று அறிவித்தல் வந்தது. கையெழுத்துப் போட்டேன். உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் பக்கத்துப் பிழை.

இங்கே வேலை அதிகமில்லை, பயம்தான் அதிகம். பெரிதாக எது வந்தாலும் கடல் கடந்து அனுப்ப வேண்டும். மருத்துவமாது மரியநாயகி அக்காதான் எனக்குத் துணை. அவ பிரசவம் பார்த்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறார்கள். நேற்று, "உங்கட அவர் அங்க என்ன வேலை?" என்று கேட்டா. நியூட்ரினோ, வானொலி அலை, பனி என்று ஏதோ சொன்னேன். அவவுக்கு விளங்கவில்லை. அதைவிட வெட்கம், எனக்கே விளங்கவில்லை. எழுதுங்கள். விளங்குகிற மாதிரி.

பவதாரணி


உப்சாலா
23 மார்ச் 2025

அன்பின் பவா,

விசைச் சத்தம் உமக்குக் கேட்டிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

தேடியது உண்மை. என்ன சொல்வதென்று தெரியாமல் போனால் என் கை தானாக அங்கேதான் போகிறது. இது விளக்கம்தான், நியாயம் இல்லை. மன்னிப்புக் கேட்டுச் சில விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் அலுவலகக் கடிதம் போல வந்தது, கிழித்துவிட்டேன். அந்த எண்ணைச் சொல்லி முடித்ததும் நீர் "சரி, வைக்கிறன்" என்றீர். வைத்த பிறகு நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன், அறை இருட்டாகும் வரை. அதை உமக்குச் சொல்லியிருக்கலாம். எண்ணைச் சொன்னேன்.

மரியநாயகி அக்காவுக்கு எழுதுகிறேன்.

நியூட்ரினோ என்பது மிகச் சிறிய துகள். எதிலும் முட்டாமல், சுவர், மலை, பூமி எல்லாவற்றுக்குள்ளாலும் போகும். சூரியனிலிருந்து வருகிறவை இந்த நேரத்தில்கூட உங்கள் வைத்தியசாலைக் கூரைக்குள்ளால் கோடிக்கணக்கில் போய்க்கொண்டிருக்கின்றன. நாங்கள் தேடுவது அவற்றை அல்ல. அண்டத்தின் மிகத் தொலைவிலிருந்து, பென்னம்பெரிய பலத்தோடு, மிக அரிதாக வருகிறவற்றை. அப்படி ஒன்று எப்போதாவது பனிக்குள் ஒரு அணுவில் மோதும். மோதிய இடத்திலிருந்து ஒரு வானொலித் துடிப்பு கிளம்பும். தூரத்தில் மின்னல் வெட்டினால் றேடியோ ஒருக்கால் கரகரக்குமே, அதுபோல. ஆனால் மிக மெல்லியது, கண் வெட்டுகிற நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட இராது. கிறீன்லாந்தில் பனி இரண்டு மைல் ஆழத்துக்கு இறுகிக் கிடக்கிறது. அதில் துளை போட்டு அன்ரனாக்களை இறக்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

காத்திருப்பது மற்றவர்கள். என் வேலை, அது வந்தால் எப்படி இருக்கும் என்று கணினிக்குள் செய்து பார்ப்பது. எங்கே மோதியது, எந்தச் சரிவில் வந்தது, அலை எந்தப் பாதையால் வரும் என்று எல்லாம். மேலே உள்ள பனி பொருபொருவென்று இருக்கும், கீழே போகப் போக இறுகும். அதனால் அலை நேராக வராது, வளைந்து வரும். சில வேளை ஒரே துடிப்பு இரண்டு பாதையால் வந்து இரண்டு தரம் கேட்கும். இப்படி லட்சக்கணக்கான பொய் நியூட்ரினோக்களைச் செய்து வைத்திருக்கிறேன். மெய்யானது ஒன்று வந்தால் இனங்காண்பதற்கு. இந்த முறையில் இதுவரை ஒருவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. நான் கிறீன்லாந்தைக் கண்டதும் இல்லை.

இன்னொரு செய்தி. வதிவிட அனுமதி கையில் கிடைத்துவிட்டது. ஆனியில் நயினாதீவுத் திருவிழாவுக்கு வருகிறேன். ரிக்கற் எடுத்துவிட்டேன். அம்மாளாச்சியின் தேரைப் பார்த்துவிட்டு, உம்மிடம் நெடுந்தீவில் வந்து நிற்கலாமா?

தேனு


நெடுந்தீவு
17 ஏப்ரல் 2025

அன்பின் தேனு,

மரியநாயகி அக்காவுக்கு அவவுக்கு எழுதிய பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டா. முடிந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப உங்கட அவர் இன்னும் பிறக்காத ஆக்களுக்குச் சாதகம் எழுதிறார்" என்றா. நான் சிரித்த சிரிப்பில் வெளியே மருந்துக்கு நின்ற சனம் எட்டிப் பார்த்தது. மார்கழிக்குப் பிறகு இப்படிச் சிரித்த நினைவில்லை.

இருட்டாகும் வரை கதிரையில் இருந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் வைத்திருக்கிறேன். அதற்கு இப்போது பதில் எழுதவில்லை.

வருஷப்பிறப்புக்கு மடத்துவெளிக்கு என் அம்மாவிடம் போய்வந்தேன். படகில் திரும்பும்போது கடல் நல்ல அமைதி. இன்னும் கொஞ்ச நாளில் சோளகக் காற்று கிளம்பிவிடும், பிறகு இந்தக் கடலை நம்பேலாது. கிளினிக்கில் றொஷானி என்று ஒரு பிள்ளை வருகிறாள், முதற்பிள்ளைக்காரி. புருஷன் றெக்ஷன் கடற்றொழில். ஆனிக் கடைசியில் நாள். இரத்தம் குறைவு, அதனால் முன்கூட்டியே யாழ்ப்பாணத்தில் போய் நில் என்று சொல்லியிருக்கிறேன். "சோளகத்துக்கு முதல் போயிடுவன் டொக்டர்" என்கிறாள். போகிறவளாகத் தெரியவில்லை. அவன் தொழிலை விட்டு வர மாட்டான், அவள் அவனை விட்டுப் போக மாட்டாள்.

நிற்கலாமா என்று கேட்டீர்கள். குவாட்டர்ஸில் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு அலுமாரி. குளிக்கிற தண்ணீர் உப்பு. விடிய எழும்பிக் கதவைத் திறந்தால் தீவின் காட்டுக் குதிரைகள் வேலியோடு நின்று உங்களைப் பார்க்கும், பயப்பட வேண்டாம். கணவாய் மீன் மலிவு. இன்னொரு கதிரை கொண்டுவரச் சொல்லிப் படகுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

வாங்கோ.

பவா


உப்சாலா
15 ஜூன் 2025

அன்பின் பவா,

வரவில்லை என்று உமக்கு அனுப்பிய செய்திக்கு "சரி" என்று ஒரு சொல் வந்தது. அதைவிட நீர் ஏசியிருக்கலாம்.

ஏன் என்று செய்தியில் எழுத முடியவில்லை. ஒன்று வந்திருக்கிறது, பவா. போன வருடத்துப் பதிவுகளைக் கழித்துக் கழித்து வந்தபோது கடைசியில் ஒன்று மிஞ்சியது. இரண்டு துடிப்பு, ஒன்றின் பின் ஒன்று, ஆழமான எல்லா அன்ரனாக்களிலும். என்னுடைய பொய் நியூட்ரினோக்களில் ஒன்றை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. கீழிருந்து வருகிறது என்று கணக்குச் சொல்கிறது, வேறு இரைச்சல் என்றால் மேலிருந்துதான் வரும். அன்றைக்கு அங்கே காற்றும் இல்லை, ஆட்களும் இல்லை. எங்கள் குழுத் தலைவி எழும்பி வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்தா. தோளில் கையை வைத்துவிட்டுப் போனா. அவ அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

இது வெறும் இரைச்சலின் வேலையாக இருக்கச் சாத்தியம் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. எண் சொல்லக் கூடாது என்று தெரியும், சொல்லிவிட்டேன். இதைச் சரிபார்க்க வேண்டியவன் நான். என் கணினி மாதிரியை வைத்துத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார்கள், முதற்பெயர் என்னுடையது. இந்த நேரத்தில் எழும்பி வர முடியவில்லை.

முடியவில்லை என்று எழுதினேன். வந்திருக்கலாம், வரவில்லை என்பதுதான் சரி. சந்தோசத்தில் எனக்கு நித்திரை இல்லை, உம்மை நினைத்தும் நித்திரை இல்லை. இரண்டும் ஒரே கட்டிலில்.

தேனு


நெடுந்தீவு
6 ஜூலை 2025

அன்பின் தேனு,

உங்கள் கடிதம் கிடைத்தது, தேரும் முடிந்துவிடப் போகிறது. சந்தோசம் என்று எழுத வேண்டும். எழுதுகிறேன், சந்தோசம். பொய்யில்லை. ஆனால் அதற்கு மேல் அதைப் பற்றி எழுத இன்றைக்கு என்னிடம் பலமில்லை. வேறொன்றைச் சொல்ல வேண்டும், சொல்ல வேறு ஆளில்லை.

றொஷானி யாழ்ப்பாணம் போகவில்லை. வியாழக்கிழமை காலை வலியோடு வந்தாள். வெளியே சோளகம் கூரையைப் பிடுங்குகிற மாதிரி அடித்தது. மத்தியானம் பிள்ளை பிறந்தது, ஆம்பிளைப்பிள்ளை, நல்ல குரல். பிறகு அவளுக்கு இரத்தம் நிற்கவில்லை. போட வேண்டிய ஊசி எல்லாம் போட்டோம். ஏற்றுவதற்கு இரத்தம் இங்கே இல்லை. கடற்படைக்கு அறிவித்தோம். அவர்களும் வந்தார்கள். ஆனால் அலை இறங்குதுறைக்கு மேலே ஏறி அடித்ததில் படகை அணைக்க ஏலவில்லை.

ஒரு கையை உள்ளே கொடுத்து, மற்றக் கையால் வயிற்றுக்கு மேலே இருந்து, கருப்பையை இரண்டு கைக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுதான் மிச்சமிருந்த வைத்தியம். கை மரத்துப்போக மரியநாயகி அக்கா மாறிப் பிடித்தா. பிறகு நான். றொஷானி முகட்டைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைக்குப் பால் குடுத்தாச்சோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மாறுகிற ஒரு நேரத்தில் வெளியே வந்தேன். றெக்ஷன் சுவரோடு நின்றான், உடம்பெல்லாம் நனைந்து. படகு அணையுமோ என்று கரைக்கும் இங்கேக்குமாக ஓடித் திரிந்திருக்கிறான்.

"என்ன மாதிரி டொக்டர்?" என்றான்.

என் வாயில் எண் வந்தது, தேனு. சத்தியமாக வந்தது. இந்த நிலைமையில் நூற்றுக்கு இத்தனை பேர் தப்புவினம் என்று சொல்ல நாக்கு எழும்பிவிட்டது. விழுங்கினேன்.

"நாங்கள் விடேல்லை. நான் இஞ்சதான் நிக்கிறன்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். அது அவனுக்குப் போதுமாக இருந்தது என்று இல்லை. ஆனால் நிலத்தில் குந்தினான். அதுவரை குந்தவில்லையாம்.

பொழுதுபட முதல் இரத்தம் அடங்கியது. காற்று தணிந்ததும் கடற்படைப் படகில் அனுப்பினோம். இப்போது சுகமாக இருக்கிறாள். நான் குவாட்டர்ஸுக்கு வந்து கையைக் கழுவினேன், பிறகும் கழுவினேன். உங்களோடு கதைக்க வேண்டும் போல இருந்தது. தொலைபேசியை எடுத்து உங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டேன். நீங்கள் அந்தத் துடிப்போடு இருக்கிறீர்கள், அங்கிருந்து கூப்பிட எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன்.

இதைக் கோபமாக வாசிக்க வேண்டாம். இல்லை, கோபமாகவும் வாசிக்கலாம்.

பவா


உப்சாலா
3 ஓகஸ்ட் 2025

அன்பின் பவா,

உமது கடிதத்தை பஸ்ஸில் வைத்து வாசித்தேன். இறங்க வேண்டிய இடம் கடந்து, ஒரு காட்டோரம் பஸ் திரும்புகிற இடத்தில் சாரதி வந்து இறங்கச் சொன்னார். நடந்துதான் திரும்பி வந்தேன். உரிமை என்று எழுதியிருக்கிறீர். எடுத்திருக்கலாம், பவா. எந்த நேரமும் எடுக்கலாம். அப்படி நினைக்கும்படி நான் வைத்திருக்கிறேன் என்பதுதான் நடந்துவரும்போது முழுக்க என் மனதில் இருந்தது.

அந்தத் துடிப்பு இல்லை.

நான்தான் கண்டுபிடித்தேன். அங்கே பலத்த காற்று அடித்தால் உலர்ந்த பனித்தூள் ஒன்றோடொன்று உரசி மின்னேறி, பொறி வெடிக்கும். அதுவும் துடிப்பு மாதிரித்தான் அன்ரனாவில் விழும். அதனால் காற்று நாட்களை முன்பே கழித்துவிடுவோம். அன்றைக்குக் காற்றில்லை என்று பதிவில் இருந்தது. அந்தப் பதிவைத் திரும்பப் பார்த்தேன். குறைந்த காற்று என்றாலும் முள் கொஞ்சமாவது அசைய வேண்டும், இது ஒரு நாள் முழுக்க ஒரு அசைவும் இல்லாமல் பூச்சியம். காற்றுமானி பனிபிடித்து இறுகிக் கிடந்திருக்கிறது. தூரத்தில் உள்ள இன்னொரு நிலையத்தின் பதிவை எடுத்தேன். அன்று புயல்.

அப்படியென்றாலும் அது கீழிருந்தல்லவா வந்தது என்று கேட்பீர். அது என் பிழை. என் கணினிக்குள் பனியை நான் மிகவும் சீராக வைத்திருந்தேன், மேலிருந்து கீழே ஒரே ஒழுங்காக இறுகிப் போகிற மாதிரி. மெய்ப் பனி அப்படி இல்லை. ஒவ்வொரு வருடத்துக் காற்றும் வெயிலும் அதில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அந்த அடுக்குகளைப் போட்டுத் திரும்ப ஓட்டினேன். மேலே வெடித்த பொறி வளைந்து கீழே போய், கீழிருந்து வருகிற மாதிரியே வந்து சேர்ந்தது. இரண்டு தரம். அச்சாகப் பொருந்தியது.

கட்டுரை அனுப்ப இருந்த கிழமை. இதை வேறு ஒருவர் கண்டுபிடிக்க ஒரு வருடமாவது சென்றிருக்கும். இப்படி ஒரு எண்ணம் எனக்கு வந்தது என்பதையும் உமக்கு எழுதுகிறேன். மறுநாள் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இப்போதே தெரிந்தது நல்லது என்றா. பிறகு எல்லாரும் கோப்பி குடிக்கப் போனார்கள்.

உம்மிடம் வராமல் விட்டது இதற்காக. ஒரு புயலில் வெடித்த பொறிக்காக.

தேனு


நெடுந்தீவு
24 ஓகஸ்ட் 2025

அன்பின் தேனு,

உங்களுக்கு நான் ஒரு எண்ணும் சொல்லப் போவதில்லை. எத்தனை குழுக்களுக்கு, எத்தனை தரம் இப்படி நடந்திருக்கிறது என்று தேடினால் கிடைக்கும். தேடவில்லை. அடுத்த முறை வரும் என்றும் சொல்ல மாட்டேன்.

அது உங்களிடம் இருந்தது. அதை நினைத்துக்கொண்டு எழும்பினீர்கள், நினைத்துக்கொண்டு படுத்தீர்கள். இப்போது இல்லை. கவலையாகத்தான் இருக்கும். கவலையாக இருங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எழும்பிச் சொன்னீர்கள் என்று வாசித்தபோது நான் கட்டிலில் இருந்து எழும்பி நின்றேன். ஏனென்று தெரியாது. மரியநாயகி அக்காவுக்கும் சொன்னேன். "பொய்யெண்டு தானே பிடிச்சவரோ?" என்று இரண்டு தரம் கேட்டா. பிறகு, "அப்ப நல்ல மனுசன்தான்" என்றா. இவ்வளவு நாளும் உங்களைப் பற்றி அவவுக்கு வேறு அபிப்பிராயம் இருந்திருக்கிறது போல.

நீங்கள் கதிரையில் இருந்த அந்தப் பின்னேரத்துக்குப் பதில் எழுதவில்லை என்று சொல்லியிருந்தேன். இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. தொலைபேசியை வைக்காமல் சும்மா இருந்திருந்தால் போதும். நானும் இந்தப் பக்கத்தில் சும்மா இருந்திருப்பேன். இருட்டாகும் வரை இருந்திருக்கலாம், இரண்டு பேரும். நானும்தானே வைத்தேன். "வைக்கிறன்" என்றது நான். அதை இவ்வளவு நாளும் உங்கள் கணக்கிலேயே எழுதி வந்திருக்கிறேன்.

இன்னொன்று. பிள்ளைக்கு ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை, உங்களுக்கும் இல்லை. இவ்வளவு சின்னதுக்கு என்ன பெயர் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயம். கடதாசியில் எழுத மாட்டேன். நேரில் சொல்லுவேன்.

பவா


உப்சாலா
14 செப்ரெம்பர் 2025

அன்பின் பவா,

உமது கடிதத்தை வாசித்து நான் அழுதேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

பனி முழுவதையும் கணினிக்குள் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது, காற்று போட்ட அடுக்குகளோடு. அது மாதக்கணக்கான வேலை. கணக்கு ஓடுகிற பெரிய இயந்திரங்கள் இங்கே இருக்கும், எனக்கு வேண்டியது ஒரு மடிக்கணினியும் இணையமும்தான். அதை இலங்கையில் இருந்து செய்யலாமா என்று தலைவியிடம் கேட்டேன். எங்கே என்று கேட்டா. வரைபடத்தில் காட்டினேன். பெரிதாக்கு, பெரிதாக்கு என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் கண்டுபிடித்து, அங்கே மின்சாரம் இருக்கிறதா என்றா. இருக்கிறது, சில வேளை நிற்கும் என்றேன். பங்குனி முடியும் வரை போய் நின்றுவிட்டு வரச் சொன்னா.

அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. உம்மை இங்கே கூட்டிக்கொண்டு வருவதற்காக நான் வரவில்லை. அங்கேயே நிற்கச் சொல்லி நீர் கேட்டால் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை. அதை இரண்டு பேரும் ஒரு இடத்தில் இருந்து யோசிக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறது.

போன முறை ரிக்கற்றை எடுத்துவிட்டு உம்மைக் கேட்டேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். வரட்டா?

தேனு


நெடுந்தீவு
5 ஒக்ரோபர் 2025

அன்பின் தேனு,

ஓம்.

முதலில் மாமியிடம் போய் இரண்டு நாள் நின்றுவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் அவ என்னைத்தான் நினைப்பா. நான் போன மாதம் போயிருந்தேன். முட்டைக் கோப்பி தந்தா. இந்த முறை குடித்துக்கொண்டே, "மாமி, எனக்கு இன்னும் கவலையாத்தான் இருக்கு" என்றேன். என் தலையைத் தடவினா. அவவும் ஒன்றைப் பறிகொடுத்தவ, உங்களுக்கு முன்னம். உங்களுக்குத் தெரியுமோ தெரியாது.

மேற்படிப்புச் சோதனைக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். உங்கள் ஊர்க் குளிரை ஒருக்கால் வந்து பார்க்கவும் ஆசை இருக்கிறது. இரண்டையும் கதைப்போம்.

வாடை தொடங்க முதல் வாங்கோ. கடல் இப்போது நல்லம்.

பவா


குவாட்டர்ஸ், நெடுந்தீவு
26 ஒக்ரோபர் 2025, பின்னேரம்

அன்பின் பவா,

வந்துவிட்டேன். பின்னேரப் படகு என்று சொல்லியிருந்தேன், குறிகாட்டுவான் இறங்குதுறையில் முந்தின படகிலேயே இடம் கிடைத்தது. வைத்தியசாலைக்கு வந்து கேட்டேன், நீர் பிரசவ அறையில் நிற்பதாகச் சொன்னார்கள். கூப்பிடட்டா என்றார்கள். வேண்டாம் என்றேன். காவலாளி அரியநாயகம் அண்ணைதான் கதவுத் திறப்புத் தந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்களோ அந்தப் பனிக்காரர்?" என்றார். ஓம் என்றேன்.

சோறு அடுப்பில் இருக்கிறது. குசினியில் இரண்டு குடம் இருந்தது, எது நல்ல தண்ணீர் என்று தெரியவில்லை, ஒன்றில் அள்ளிவிட்டேன். அரியநாயகம் அண்ணை தந்த மீனைக் கழுவி வைத்திருக்கிறேன், வெட்டத் தெரியாது.

இதை அவரிடமே கொடுத்து அனுப்புகிறேன். எவ்வளவு நேரம் சென்றாலும் சரி, அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வாரும். பதில் வேண்டியதில்லை.

தேனு


வார்ட்
அதே நாள்

தேனு,

பிள்ளை பிறந்திட்டுது. பெட்டைப்பிள்ளை. தாயும் சுகம், ஒரு சிக்கலும் இல்லை. மரியநாயகி அக்கா நான் எழுதுகிறதை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறா.

கதவுப் பக்கத்துக் குடம்தான் நல்ல தண்ணீர். மற்றதில் அள்ளியிருந்தால் சோற்றைக் கொட்டிவிடுங்கள், பாண் வாங்குவோம். மீனை நான் வெட்டுகிறேன். முகம் கழுவ வேண்டும், பதிவு எழுத வேண்டும்.

பதில் வேண்டாம் என்றீர்கள், எழுதிவிட்டேன். இதைக் குடுத்துவிட ஆளைத் தேடினேன். அரியநாயகம் அண்ணை தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். மரியநாயகி அக்கா பிள்ளையை விட்டு அசைய மாட்டா. வேறு ஒருத்தரும் இல்லை.

நானே கொண்டு வாறன்.